பார்பரா முடிக்காத பாட்டு

பார்பராவின் புருஷன் மைக்கல் பெரிய பாடகன். இதற்குச் சாட்சியும் அவனே, தீர்ப்புச் சொன்னவனும் அவனே. ஞாயிற்றுக்கிழமை பூசையில் முன்னால் போய் நின்று, கண்ணை மூடி, ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு அவன் எடுக்கிற எடுப்பில், மாதா கோயில் தகரக் கூரையில் ஒதுங்கியிருக்கும் குருவிகள் மழையென்றும் பாராமல் கிளம்பிவிடும். மாதம் ஒருமுறை மலையேறி வரும் பிரெஞ்சுச் சாமியாரும் அந்த நேரம் பார்த்துக் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். சாமியார் தன் பாட்டில் கரைந்துபோய்விட்டதாக மைக்கல் வீட்டுக்கு வந்து சொல்வான். பார்பரா சோற்றைப் போட்டுக்கொண்டே, "ஆமாங்க, நானும் பாத்தேன். இன்னிக்கு ரொம்ப நல்லாருந்திச்சி" என்பாள்.

கல்யாணமான முதல் வாரத்தில் ஆரம்பித்த பொய் அது. புதுப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடி, "எப்படி இருக்கு எங்கொரலு?" என்று கேட்டால் புதுப் பெண்டாட்டி என்னதான் சொல்வாள்? நல்லாயிருக்கு என்றாள். போன வாரம் நல்லாயிருந்தது இந்த வாரம் எப்படி நாராசமாகும்? ஆகவே இந்த வாரமும் நல்லாயிருந்தது. தாப்பா ஊருக்குக் கீழே ரப்பர் தோட்டத்தில் பிறந்த பொய், அவர்களோடு லாரியில் ஏறி, கேமரன் மலைக்கு வந்து, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவர்களோடே குடியும் வந்தது.

தோட்டத்திலும் யாரும் வாயைத் திறக்கவில்லை. அதற்குக் காரணம் பயமல்ல, மைக்கல் அப்படிப்பட்ட ஆள். எந்த வீட்டில் பிரசவம் என்றாலும் சுடுதண்ணீர் அடுப்புக்கு முதல் விறகு அவன் தோளில்தான் வரும். எந்த வீட்டில் சாவு என்றாலும் குழி வெட்ட முதலில் மண்வெட்டி தூக்குகிறவன் அவன். மாதா கோயிலா, மாரியம்மன் திருவிழாவா என்று பார்க்க மாட்டான், கூப்பிட்டால் வந்து பந்தல் போடுவான். பந்தல் போட்டு முடித்ததும் பாடுவான். அதுதான் கூலி. தேயிலைக் கொழுந்தை உருட்டும் மெஷினில் அவனுக்கு வேலை. அந்த மெஷின் சத்தத்துக்கு ஏற்றபடி பாடிப் பாடித்தான் தன் குரல் இப்படிக் கனிந்தது என்று அவன் சொல்லிக்கொள்வதுண்டு. மெஷின் அப்படி ஒரு குற்றமும் செய்யவில்லை.

இந்தப் பாட்டுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கும் பாக்கியம் பார்பராவுக்குக் கிடைத்தது. கோயில் ஆர்மோனியம் மலைப் பனியில் ஊறி உப்பிப்போய், அமுக்கின கட்டை எழும்ப மறுத்த பிறகு, சாமியார் ஒரு அக்கார்டியன் கொண்டுவந்து கொடுத்தார். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தள்ளியும் இழுத்தும் வாசிக்கிற துருத்திப் பெட்டி. வெள்ளைச் சாவிக் கட்டைகள் கிடையாது, வலது கைக்கு உள்வரிசை, வெளிவரிசை என்று இரண்டு வரிசைப் பொத்தான்கள், இடது கைக்குப் பின்னால் நின்று உறுமுவதற்கென்று சில பொத்தான்கள், அவ்வளவுதான். ஜெர்மனியில் செய்தது. செய்தவன் மனிதர்கள் மேல் ஏதோ வருத்தத்தில் இருந்திருக்க வேண்டும்.

ஆர்மோனியம் ஒழுங்கான குடும்பத்துப் பெண். ஒரு கட்டையை அமுக்கினால் ஒரு சுரம். காற்று எந்தப் பக்கம் போனாலும் அந்தச் சுரம் மாறாது. இந்தப் பெட்டி அப்படியில்லை. உள்வரிசையில் மூன்றாம் பொத்தானை அமுக்கித் துருத்தியைத் தள்ளினால் ச வரும். அதே பொத்தானை விடாமல் இழுத்தால் ரி. நாலாவதில் தள்ளினால் க, இழுத்தால் ம. ஐந்தாவதில் தள்ளினால் ப, இழுத்தால் த. சரி, கணக்குப் பிடிபட்டுவிட்டது என்று நிம்மதியாக ஆறாவதுக்குப் போனால், அங்கே இழுத்தால் நி, தள்ளினால்தான் மேல் ச. அதற்கு மேலே எல்லாம் தலைகீழ், இழுப்பு முந்தி, தள்ளல் பிந்தி. வெளிவரிசையும் இதே லட்சணம்தான், ஆனால் உள்வரிசைக்கு எது ப-வோ அதுதான் வெளிவரிசைக்கு ச. வேறு சுருதியில் பாட ஆசைப்பட்டால் வேறு பெட்டி வாங்கிக்கொள் என்று ஜெர்மன்காரன் கையைக் கழுவிவிட்டான்.

சாமியார் அவளுக்கு டோ, ரே, மி என்று உள்வரிசையை மட்டும் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். "அது வேற ஒண்ணுமில்லம்மா, நம்ம ச ரி க தான். வெள்ளக்காரன் நம்மகிட்டேர்ந்து எடுத்துக்கிட்டுப் போனது" என்று தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி பழனியப்பன் விளக்கினார். மாரியம்மன் கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசிக்கிறவர். உலகத்தில் எதைக் காட்டினாலும் அது நம்மிடமிருந்து போனது என்பார்.

உள்வரிசையை வைத்தே பார்பரா காலம் தள்ளியிருப்பாள். மைக்கல் விடவில்லை. அவன் குரல் உள்வரிசையில் இல்லை. வெளிவரிசையில் தேடினாள், அங்கேயும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், பொத்தானே இல்லாத ஏதோ ஒரு சந்தில் அது குடியிருந்தது. இன்னொரு தொல்லை, அவன் ஒரு சுரத்தைப் பிடித்தால் விட மாட்டான். ரி என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிற ஒன்றைப் பிடித்து நின்றுவிட்டால், ரி-க்காக அவள் இழுத்துக்கொண்டே போக, துருத்தி முழுக்க விரிந்து கை இரண்டும் சிலுவையில் அறைந்த மாதிரி ஆகிவிடும். காற்றை மட்டும் வெளியே விடுகிற பொத்தானை அமுக்கி உஸ் என்று மூடினால் பாட்டு அறுந்துபோகும். புருஷன் பாட்டை அறுக்கலாமா?

இதற்கு மருந்து தேடித்தான் அவள் வெளிவரிசைக்குள் நுழைந்தாள். அங்கே அதே ரி தள்ளும்போது கிடைத்தது. உள்வரிசையில் தள்ளினால் வந்த க, வெளிவரிசையில் இழுத்தால் வந்தது. துருத்தி விரிந்து முட்டும் நேரத்தில் விரலை வரிசை மாற்றினால், அதே சுரம் அறுபடாமல் துருத்தியை மூடிக்கொண்டே வரலாம். உலகத்தில் வேறு யாரெல்லாம் இதைக் கண்டுபிடித்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. சுருதி சேராத ஒரு மனுஷனை விட்டுக்கொடுக்காமல் பின்னாலேயே ஓடி ஓடி அவள் கண்டுபிடித்தது இது. "பொட்டி இப்பத்தான் எங்கொரலுக்குப் பழகி வருது" என்றான் மைக்கல்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். தோட்டத்துத் துரை நாயைக்கூட மறக்காமல் காரில் ஏற்றிக்கொண்டு மலையிறங்கினார். ஆட்களிடம் சொல்லிக்கொள்ளத்தான் அவருக்கு நேரமில்லை. துரை பங்களாவில் மொரிதா என்ற ஜப்பான் அதிகாரி குடியேறினான். அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. ஆசியாக்காரர்களெல்லாம் இனி ஒரே குடும்பம் என்று மொரிதா உடைந்த மலாயில் சொன்னான். குடும்பத்துப் பெரியவன் யார் என்பதை அன்றைக்கே இரண்டு பேரைக் கன்னத்தில் அறைந்து விளக்கிவிட்டான்.

தினம் காலைப் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் அந்தக் களத்தில், ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் திசை பார்த்து எல்லோரும் இடுப்பளவு குனிய வேண்டும். வெறுமனே குனிவது மொரிதாவுக்குத் திருப்தியாக இல்லை. ஒரு வணக்கப் பாட்டு வேண்டும் என்றான். கோயிலில் அக்கார்டியன் இருப்பதை யாரோ சொல்லிவிட, பறிமுதல் செய்ய வந்த மொரிதா பெட்டியில் ஜெர்மன் எழுத்தைப் பார்த்ததும், நண்பன் வீட்டுச் சாமான் என்று தடவிக் கொடுத்தான். அவன் விசிலில் அடித்துக் காட்டிய பாட்டைக் கேட்டு கிராணி பழனியப்பன் கையைத் தட்டினார்.

"ச ரி க ப த. ம கெடையாது, நி கெடையாது. அட, மோகனம்! நம்மகிட்டேர்ந்து போனது!"

மோகனமோ என்னவோ, பெட்டிக்கு அது லட்டு மாதிரி அமைந்தது. ஐந்து சுரமும் உள்வரிசையில் அடுத்தடுத்த மூன்று பொத்தான்களில் அடங்கிவிட்டது. பாட்டின் கடைசியில் ப த ப க என்று இறங்கி, ரி-யில் நீளமாக நின்று, பிறகு ச-வில் வந்து அமரும். ரி-க்குத் துருத்தி அகலமாக விரியும். அந்த நீளமான ச-வைத் தள்ளும்போது பெட்டி தானாக மூடிக்கொள்ளும். பெட்டியை ஏந்தி நிற்பதால் பார்பரா மட்டும் குனிய வேண்டியதில்லை. ஜப்பான் சாம்ராஜ்யத்தில் நிமிர்ந்து நிற்கும் உரிமை பெற்ற ஒரே கொழுந்து எடுக்கிறவள் அவள்.

கடைசிச் சுரம் ஓயும்வரை யாரும் தலை தூக்கக் கூடாது என்பது சட்டம். முதல் வாரத்திலேயே மொரிதாவுடைய சிப்பாய் ஒருவன் ச வருவதற்குள் நிமிர்ந்துவிட்டான். அதிகாரி பளார் பளார் என்று அவனை அறைந்த அறையில் தோட்டத்து ஆட்களுக்கே பாவமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு பாட்டு நடக்கும்போது மொரிதா, இரண்டு சிப்பாய்கள், கிராணி, கங்காணி, தோட்டம் மொத்தமும் பூமியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

நாற்பத்து மூன்றில் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். முதலில் போனவர்கள் நல்ல சாப்பாடு, மூன்றே மாதம் என்று நம்பிப் போனார்கள். பிறகு, அங்கிருந்து தப்பி வந்த ஒருவன் தாப்பா பக்கம் சொன்ன கதை மலையேறி வந்தது. புண் பிடித்துக் கால் அழுகுகிறது, வாந்தி பேதியில் கொட்டகை கொட்டகையாகச் சாகிறார்கள் என்றான். அதன் பிறகு யாரும் தானாகப் போகவில்லை. கங்காணி நாகப்பன் விரல் நீட்டினால்தான் போனார்கள்.

நாகப்பன் விரல் மைக்கல் பக்கம் நீள வேண்டிய அவசியமே இல்லை. பாட்டுக்காரியின் புருஷன் என்று மொரிதாவே அவனை ஒதுக்கி வைத்திருந்தான். கெடுத்துக்கொண்டவன் மைக்கல்தான். தினமும் பெண்டாட்டி வாசிக்க, தான் சும்மா குனிந்து நிற்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு காலையில் மொரிதாவின் மனம் குளிரட்டும் என்று, குனிந்தபடியே, அவன் பாஷைச் சொற்கள் என்று தான் நினைத்துக்கொண்டதை வைத்து அந்த வணக்கப் பாட்டைக் கூடச் சேர்ந்து பாடினான். பாட்டு முடிந்து நிமிர்ந்த மொரிதாவின் முகத்தைப் பார்பரா பார்த்தாள். தன் சக்கரவர்த்தியை யாரோ சேற்றில் போட்டு மிதித்ததைப் பார்த்தவன் முகம் அது. அடுத்த நாளே சயாம் போகிறவர்கள் பட்டியலில் மைக்கலும் சேர்ந்தான். நாளை மறுநாள் காலைப் பெரட்டு முடிந்ததும் லாரி என்றார்கள்.

"பாடுறதுக்கு அங்க ஆள் தேவப்படுது போல" என்றான் மைக்கல். சிரிக்கத்தான் பார்த்தான்.

அன்று சாயங்காலம் கிழங்கு வெந்துகொண்டிருந்தபோது பார்பரா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, நான் சொல்றத நல்லாக் கேளுங்க. போறவங்கள கடேசி வரிசையிலதான் நிறுத்துவானுங்க. பின்னாலயே தேயில, அதுக்கு மேல காடு. நாளக் கழிச்சி நான் பாட்ட முடிக்க மாட்டேன். முடியுற எடம் வந்ததும் முடிக்காம, திரும்பவும் மேலேர்ந்து சுத்திக்கிட்டே இருப்பேன். அவன் உட்பட எல்லாவனும் குனிஞ்சிதான் இருப்பான். நீங்க அப்பிடியே பின்னால பூந்து போயிடுங்க லா. பெர்த்தாம் பள்ளத்துல சீனன் காய்கறிக் கொல்லையில ஒளிஞ்சிக்கலாம்."

மைக்கல் அவளைப் பெருமையாகப் பார்த்தான். "பலே. ஒனக்கும் மூள இருக்கு புள்ள."

"முடியுற எடம் வந்திருச்சின்னு ஒங்களுக்குத் தெரியுமில்ல?"

"எனக்கா? யாரப் பாத்துக் கேக்குற?"

அவள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். "இல்ல, அவசரத்துல தவறிப்போச்சின்னா... நான் வேணும்னா காலத் தட்டட்டுமா? காலத் தட்டுனா ஓடிருங்க."

அவன் முகம் சுருங்கிவிட்டது. "நீ காலத் தட்டித்தான் எனக்குப் பாட்டு வெளங்கணுமா? பதிமூணு வருசமா கோயில்ல பாடுறேன். நீயே நல்லாருக்குன்னு சொல்லல?"

சொல்லியிருந்தாள். வாரம் தவறாமல் சொல்லியிருந்தாள். இந்த இடத்தில்தான், சயாமுக்குப் போகிற மனுஷனிடம், உங்களுக்குப் பாட்டு வராதுங்க, ஒரு சுரத்துக்கும் மறு சுரத்துக்கும் வித்தியாசம் தெரியாதுங்க, காலைத் தட்டினால்தான் உங்களுக்குப் புரியும் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிஷம் அவன் நொந்துபோயிருப்பான், அதற்குப் பிறகு உயிரோடு இருந்திருப்பான். அவள் எழுந்து போய்க் கிழங்கைக் கிளறினாள். பெண்டாட்டி புருஷன் மனதைக் காப்பாற்றினாள், எல்லா ஊரிலும் காப்பாற்றுகிற மாதிரி.

அந்தக் காலையில் பனி தாராளமாக இறங்கியிருந்தது. லாரி ரோட்டோரம் உறுமிக்கொண்டு நின்றது. கடைசி வரிசையில் ஏழு பேர். மாரியம்மன் கோயில் பஜனையில் ஜால்ரா போடுகிற முனியாண்டியும் அதில் ஒருவன். ராமையாவும் உண்டு, தலைமேல் இடி விழுந்தால்தான் அவனுக்குக் காது கேட்கும். மொரிதா கையைக் காட்டினான். பார்பரா வாசிக்க, எல்லோரும் குனிந்தார்கள்.

பாட்டு வழக்கம்போலப் போய், ப த ப க என்று இறங்கி, ரி-யில் வந்து நின்றது. துருத்தி விரிந்தது. இப்போது ச வர வேண்டும். பார்பரா மறுபடி ப-வுக்கு ஏறினாள். ப த ப க ரி. துருத்தி இன்னும் விரிந்தது. மூடுவதற்கு ச இல்லை. விரல் வெளிவரிசைக்குத் தாவியது, மூன்றாம் சுற்றின் ரி-யைத் தள்ளியே வாசித்தாள். துருத்தி சத்தமில்லாமல் மூடிக்கொண்டு வந்தது. ஒரு ரி இழுத்து, ஒரு ரி தள்ளி, ஒரு ரி உள்ளே, ஒரு ரி வெளியே. குனிந்திருந்த முதுகுகளில் ஒன்றுகூட அசையவில்லை.

நாலாம் சுற்றில் முனியாண்டியின் தலை மெல்லத் திரும்பியது. பஜனையில் பழகிய காது, பாட்டு வீடு திரும்ப மறுக்கிறது என்று அதற்குப் புரிந்துவிட்டது. அவன் கண் பார்பராவின் கண்ணைச் சந்தித்தது. அடுத்த ரி-க்குள் அவன் தேயிலைக்குள் இருந்தான். அவன் போனதைப் பார்த்து அடுத்தவன் போனான். இன்னொருவன் தவழ்ந்தே போனான். ஐந்து பேரைப் பனி வாங்கி வைத்துக்கொண்டது. கடைசி வரிசையில் இரண்டு பேர்தான் பாக்கி. காது கேட்காத ராமையா, காது கேட்கிற மைக்கல்.

மைக்கல் கண்ணை மூடியிருந்தான். பாட்டு என்றால் அவன் கண்ணை மூடுவது வழக்கம். முகத்தில் ஒரு உருக்கம், தலை லேசாக ஆடியது. பாட்டு எங்கே திரும்பும் என்று உன்னிப்பாகக் காத்துக்கொண்டிருக்கிற பெரிய வித்வான் மாதிரியே இருந்தான்.

பார்பரா சுற்றினாள். இன்னும் சுற்றினாள். தோள் எரிந்தது. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று காலைத் தரையில் ஓங்கித் தட்டினாள். மைக்கலின் முகம் மலர்ந்தது. பெண்டாட்டி தாளம் போடுகிறாள் என்று எண்ணி, அவனும் காலால் தாளம் போட ஆரம்பித்தான். தாளமும் சேரவில்லை.

போங்களேன், போய்த் தொலையுங்களேன் என்று அவள் உள்ளுக்குள் கத்தினாள். அவன்மேல் அப்படியொரு கோபம் அதற்கு முன் அவளுக்கு வந்ததே இல்லை. அப்படியொரு ஆசையும் வந்ததில்லை. முன் வரிசையில் மொரிதா இடுப்பு வலியில் முனகுவது கேட்டது, ஆனாலும் அவன் தலை தூக்கவில்லை. சக்கரவர்த்தி தெய்வம் அல்லவா. கடைசியில் சோர்ந்தது அவள் கைதான். வியர்வையில் வழுக்கிய விரல் மூன்றாம் பொத்தானுக்கு வந்து, துருத்தி தானாகத் தள்ளி மூட, ச நீளமாக ஒலித்து ஓய்ந்தது.

மொரிதா இரத்தம் ஏறிய முகத்தோடு நிமிர்ந்தான். "இன்றைக்கு மரியாதை நீளம். ரொம்ப நல்லது" என்றான். பிறகுதான் கடைசி வரிசையைப் பார்த்தான். சிப்பாய்கள் பனியைச் சுட்டார்கள். பனிக்கு ஒன்றும் ஆகவில்லை. பாட்டுக்காரிமேல் குற்றம் சொல்ல முடியாது, இப்போதுதான் அவளைப் பாராட்டியிருக்கிறான். ஆள் காவலுக்குப் பொறுப்பு கங்காணி. ஆகவே நாகப்பன் முதல் ஆளாக லாரியில் ஏற்றப்பட்டார். குறைந்த மற்ற இடங்களுக்குக் கைக்கு எட்டியவர்களைப் பிடித்துப் போட்டார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் அழுத அழுகையும் பார்பராவின் கணக்கில்தான் சேர்ந்தது, அது அவளுக்குத் தெரியும்.

லாரியில் ஏறுமுன் மைக்கல் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை, அவளைப் பார்த்த பார்வையில் பரிதாபம்தான் இருந்தது.

"சுத்துவேன்னியே புள்ள. நான் காத்துக்கிட்டே இருந்தேன். நீ ஒழுங்கா முடிச்சிட்டியே. பயந்துட்டியா?"

அவள் வாயைத் திறந்தாள். சிப்பாய் அவன் முதுகில் துப்பாக்கிக் கட்டையால் நெட்டினான்.

"ஆமாங்க" என்றாள். "பயந்துட்டேன்."

"பரவால்ல, விடு. நீ பொம்பள, என்னா பண்ணுவே. ஆனா சுரம் சுத்தமா இருந்திச்சி" என்று சொல்லிவிட்டு அவன் ஏறிக்கொண்டான்.

அதற்குப் பிறகும் ஜப்பான்காரன் இருந்த நாள் முழுக்க அவள் அந்தப் பாட்டை வாசித்தாள். ஒவ்வொரு காலையும் ரி-க்குப் பிறகு ஒழுங்காக ச வந்தது. ஓட இனி ஆள் இல்லை.

சண்டை முடிந்து, காட்டிலும் காய்கறிக் கொல்லையிலும் கிடந்த ஐந்து பேரும் திரும்பினார்கள். சயாமிலிருந்து ராமையா மட்டும் குச்சி ஊன்றிக்கொண்டு வந்தான். மைக்கல் வாந்தி பேதியில் போனதை அவன்தான் சொன்னான். "கடேசி வரைக்கும் பாடிக்கிட்டேதாங்க இருந்தாரு. என்னா கொரலு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். மைக்கலின் பாட்டை மனதார ரசித்த ஒரே ஆள் அவன்தான், அதில் சந்தேகமே இல்லை.

பிரெஞ்சுச் சாமியாருக்குப் பதிலாக வந்திருந்த புதுச் சாமியார் மைக்கலுக்காக ஒரு பூசை வைத்தார். நடந்ததையெல்லாம் விசாரித்து அறிந்திருந்தார். பாட்டு நீள்வது ஒரு ஜால்ராக்காரனுக்கே புரிந்தபோது, பதிமூன்று வருஷம் கோயிலில் பாடிய பாடகனுக்குப் புரியாமலா இருந்திருக்கும் என்று கேட்டார். தானும் ஓடினால் தன் இடத்தில் இன்னொரு ஏழையை ஏற்றுவார்கள் என்று தெரிந்தே நின்று உயிரைக் கொடுத்த வேதசாட்சி நம் மைக்கல் என்று உருகினார். தோட்டம் முழுக்க வந்திருந்தது, இந்துக்கள் உட்பட. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். மைக்கல் விஷயத்தில் தலையாட்டி அவர்களுக்கு நல்ல பழக்கம்.

பூசை முடிந்து, முனியாண்டி பெண்டாட்டி தங்கம்மா ஒரு கிண்ணத்தில் அரிசிச் சோறு கொண்டு வந்தாள். அரிசி கண்ணில் பட்டே வருஷங்கள் ஆகியிருந்தன. கிண்ணத்தை நீட்டிக்கொண்டே அழுதாள்.

"எம்புருசன் வீட்டுக்கு வந்துட்டாரு, ஒங்க புருசன் வரலியேக்கா. தெரிஞ்சேதான் நின்னாருன்னு சாமி சொல்றாரே, எனக்குச் சோறே எறங்கல."

பார்பரா அவளைப் பார்த்தாள். பதினைந்து வருஷமாக அடக்கிவைத்தது வாய்க்கு வந்துவிட்டது.

"தெரிஞ்சி நிக்கல தங்கம்மா. அந்த மனுசனுக்குப் பாட்டு வராது. பாட்டு முடிஞ்சிதா, சுத்துதான்னு ஒரு மண்ணும் தெரியாது. நான்தான் ஒரு நாளும் சொல்லாம விட்டுட்டேன்."

தங்கம்மா ஆச்சரியப்படவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"தெரியும்க்கா. லயத்துல எல்லாருக்கும் தெரியும். நீங்க பக்கத்துல நின்னு அவ்ளோ ஆசையா வாசிப்பீங்க. ஒங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் ஒருத்தரும் அவருகிட்ட சொல்லல."

பார்பரா கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு லயம் முழுக்கக் கேட்கும்படி அழுதாள். யாரும் வந்து தேற்றவில்லை.